கேப்ஷன்: தலைப்பா, படக்குறிப்பா?

பெங்களூரு சிவாஜிநகர் பக்கம் டிடிபி வேலை, அதாவது கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கிற வேலை பார்க்கிறவன் நான். ஒரு நாளில் இருபது முறையாவது காதில் விழும் சொல் 'கேப்ஷன்'. சங்க மலர், கும்பாபிஷேக மலர், நினைவஞ்சலிப் பக்கம் என்று எது வந்தாலும், படங்களோடு ஒரு துண்டுத் தாளில் பெயர்களும் வரும். "அண்ணா, கேப்ஷன் கீழயா, பக்கத்துலயா?" என்று கேட்டபடியே பையன்கள் அடித்துக்கொண்டிருப்பார்கள். இதற்குத் தமிழ்ச் சொல் என்ன என்று கேட்டால் பாதிப் பேர் 'தலைப்பு' என்கிறார்கள். அது பொருந்தாது. 'பொங்கல் விழா' என்பது தலைப்பு. 'இடமிருந்து வலம்: தலைவர், செயலாளர், பொருளாளர்' என்பது வேறு வேலை செய்கிற வாசகம்.

இந்தக் குழப்பம் ஆங்கிலத்திலேயே இருந்திருக்கிறது. லத்தீனில் 'காபெரே' என்றால் பிடித்தல், எடுத்தல். அந்த வேரிலிருந்து 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, கேப்ஷன் என்றால் கைப்பற்றுதல்; ஆளைப் பிடிப்பதும் அதில் அடக்கம். கேப்சர், கேப்டிவ் எல்லாம் இதன் கூடப்பிறந்த சொற்கள். அப்புறம் கைப்பற்றியதைப் பதிவுசெய்யும் சட்ட ஆவணங்களின் உச்சியில் இந்தச் சொல் இடம்பிடித்தது. உச்சியில் இருந்த காரணத்தால் ஆவணத்தின் தொடக்க வாசகத்துக்கே அது பெயராயிற்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டுரைத் தலைப்பையும் குறித்தது. படத்தின் காலடிக்கு இறங்கியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான், முக்கியமாக அமெரிக்காவில். 'தலை' என்று பொருள்படும் 'காபுட்' என்ற லத்தீன் சொல்தான் மூலம் என்று நினைக்கத் தோன்றும். ஒலி நெருக்கம்தான், வேர் வேறு.

எனக்கு அந்தப் பழைய பொருளில் பிடிப்பு அதிகம். படத்துக்குக் கீழே இருக்கும் வரி படத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். விட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு மலர் வேலையில் பார்த்தேன். அச்சுக்குப் போகும் முந்தைய இரவு ஒரு விளம்பரம் வந்தது. அதற்கு இடம் விட, படங்களை ஒரு வரிசை கீழே இறக்கினேன். பெயர்கள் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன. மறைந்த ஒருவருக்கு எழுதிய 'அமரர்' என்ற சொல், நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவரின் படத்துக்குக் கீழே அச்சாகிவிட்டது. அந்த எட்டுப் பக்கங்களை மறுபடி அடித்துக் கொடுத்தோம். அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த வீட்டு அம்மாவின் முகம் இன்னும் மறக்கவில்லை.

1985இல் ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் வருவதற்கு முன்பு, படத்தையும் எழுத்தையும் வெட்டி அட்டையில் பசையால் ஒட்டுவார்கள். ஒட்டியது நகராது. திரையில் எல்லாமே நகரும், அதனால் ஒட்டுகிற வேலையை நாம்தான் செய்ய வேண்டும். படத்தையும் வரியையும் சேர்த்துத் தேர்ந்து கன்ட்ரோல் ஜி அழுத்தினால் இரண்டும் ஒரே பொருளாகிவிடும். பேஜ்மேக்கர் 7, கோரல்டிரா, இன்டிசைன் மூன்றிலும் இதே சாவிதான். இன்டிசைனில் இன்னும் ஒரு படி போய், அப்படிச் சேர்த்ததைக் கட்டுரையின் வாசகத்துக்குள்ளேயே நங்கூரம் போட்டு நிறுத்தலாம். மேலே நாலு வரி கூடினால் படமும் பெயரும் கூடவே இறங்கும். கண்ணுக்கும் ஒரு பிடி வேண்டும்: வரிக்கும் அதன் படத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி, அடுத்த படத்துக்கு உள்ளதைவிடத் தெளிவாகக் குறைவாக இருக்க வேண்டும். சரிசமமாக விட்டால் பெயர் யாருடையது என்று வாசகர் திணறுவார்.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். என் கன்னட நண்பர் 'அடிபரஹ' என்கிறார். அடியில் எழுதியது என்று பொருள். சினிமாப் பெயருக்குக் கீழே வரும் வாசகத்துக்கும் அதுதான் சொல். அழகாக இருக்கிறது, ஆனால் அதே மாதிரி நாம் 'அடிக்குறிப்பு' என்று வைத்தால் அது பக்கத்தின் கடைசியில் எண் போட்டு எழுதும் குறிப்பைக் குறித்துவிடும். மேலும் படத்தின் பக்கவாட்டில் வருவதும் கேப்ஷன்தானே. ஆகவே படக்குறிப்பு. எங்கே வைத்தாலும் பொருந்தும், யாருக்கும் புரியும். நாலைந்து வரி நீண்டு கதை சொன்னால் படவிளக்கம் எனலாம்.

படத்துக்கும் எழுத்துக்கும் தமிழில் பழைய உறவு உண்டு. ஓவியத்தையும் 'எழுதுகிறோம்', கோலத்தையும் எழுதினோம். பரிபாடலின் 19ஆம் பாட்டு திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தை 'எழுத்துநிலை மண்டபம்' என்றே சொல்கிறது. அங்கே படம் பார்ப்பவர்கள் கேட்கிறார்கள், தெரிந்தவர்கள் பதில் சொல்கிறார்கள்: இவள் இரதி, இவன் காமன், இந்தப் பூனை இந்திரன், இவள் அகலிகை, இவன் கவுதமன். வாயால் சொன்ன படக்குறிப்பு அது.

அந்த 'இவள், இவன்' எனக்கு இன்னொரு சொல்லையும் கொடுத்தது. படத்துக்குள்ளேயே கோடு இழுத்து 'இதயம்', 'நுரையீரல்' என்று எழுதுகிறோமே, அதையும் கேப்ஷன் என்றே சிலர் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் அது லேபிள். பழைய பிரெஞ்சில் நாடா, துணிக்கீற்று என்ற பொருளில் இருந்த சொல். மருந்துப் புட்டியில் ஒட்டுவதற்குச் சீட்டு என்பது சரி, படத்துக்குள் ஒட்டாது. இது இன்னது என்று விரல் நீட்டுவது நம் இலக்கணத்தில் சுட்டு. அதனால் 'சுட்டு' என்று வைத்திருக்கிறேன். இழுக்கும் கோடு சுட்டுக்கோடு.

எங்கள் இன்டிசைன் கோப்புகளில், எழுத்தின் அளவையும் வடிவத்தையும் சேமித்துவைக்கும் 'ஸ்டைல்'களின் பெயர்களையே 'படக்குறிப்பு', 'சுட்டு' என்று தமிழில் மாற்றிவிட்டேன். பையன்கள் வாய் இன்னும் கேப்ஷன் என்றுதான் சொல்கிறது, கை படக்குறிப்பைத் தேடிப் போகிறது.