அமைச்சரின் கடிதமும் திணைக்களத்தின் கையொப்பமும்

திருகோணமலையில் சட்டத்தரணியாகத் தொழில் செய்யும் என்னிடம் நிலாவெளியிலிருந்து ஒரு கடற்றொழிலாளி வந்தார். ஓலை வாடி இருந்த இடத்தில் வலை வைப்பதற்குச் சீமெந்து அறையொன்று கட்ட வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. மேசையில் கோவையை வைத்து, "சேர், அமைச்சரே எழுதித் தந்திட்டார், இனி என்ன பிரச்சினை?" என்று கேட்டார். விரித்துப் பார்த்தேன். அவருடைய மனுவின் மேல் ஒட்டியிருந்த கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: 'உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்படுகின்றது.'

அந்த வரிக்குச் சட்டத்தில் எந்த வலுவும் இல்லை என்று சொன்னபோது அவர் என்னை நம்பவில்லை. அமைச்சும் திணைக்களமும் ஒன்றே என்றுதான் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

அரசியலமைப்பின் 43ஆம் உறுப்புரை அரசாங்கத்தை நெறிப்படுத்திக் கட்டுப்படுத்தும் பொறுப்பை அமைச்சரவையிடம் ஒப்படைத்து, அதைப் பாராளுமன்றத்துக்குக் கூட்டாகப் பதில் சொல்ல வைக்கிறது. எந்த அமைச்சருக்கு எந்த விடயங்கள் என்பதை 44ஆம் உறுப்புரையின்கீழ் சனாதிபதி தீர்மானிக்க, அது அதிவிசேட வர்த்தமானியில் மூன்று நிரல்களாக வெளிவருகிறது: முதலாவதில் கடமைகளும் பணிகளும், இரண்டாவதில் திணைக்களங்களும் சபைகளும், மூன்றாவதில் நடைமுறைப்படுத்த வேண்டிய சட்டங்கள். அலைந்து களைக்கும் முன் அந்த இரண்டாம், மூன்றாம் நிரல்களைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் என் அலுவலகத்துக்கு வருவோர் தொகை குறையும். அதில் எனக்கு வருத்தமில்லை.

அமைச்சருக்குக் கீழே செயலாளர் இருக்கிறார். 52ஆம் உறுப்புரையின்படி, அமைச்சரின் பணிப்புக்கு அமைவாகத் திணைக்களங்களை மேற்பார்வை செய்பவர் அவரே. ஆனால் அனுமதிப்பத்திரத்தில் கையொப்பமிடும் அதிகாரத்தை, பெரும்பாலும், அந்தந்தச் சட்டம் திணைக்களத் தலைவருக்கே நேரடியாகக் கொடுத்திருக்கிறது. அமைச்சர் கொள்கையை வகுக்கலாம், நிதி கோரலாம், பொதுவான பணிப்புரை வழங்கலாம். சட்டம் இன்னொருவருக்குத் தந்த தற்றுணிபை, அதாவது கொடுப்பதா மறுப்பதா என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை, அவருக்குப் பதிலாகத் தானே பிரயோகிக்க முடியாது. மேலிடத்துச் சொல்லுக்காக மட்டும் ஓர் அலுவலர் தந்த அனுமதி, வழக்கென்று வந்தால் நீதிமன்றத்தில் நிற்பது கடினம்.

நிலாவெளிக் கரையே இதற்கு நல்ல பாடம். உயர்நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரையான கரையோர வலயத்தில் கட்டடம் எழுப்ப, 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அதே மனிதர் படகில் ஏறிப் புறாத்தீவுப் பக்கம் போனால், அது தேசியப் பூங்கா என்பதால் வனசீவராசிகள் திணைக்களத்தின் ஆளுகைக்குள் போகிறார். அவருடைய படகும் தொழில் அனுமதியுமோ 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் கடற்றொழில் திணைக்களத்துக்குரியவை. கரையில் நின்று பார்த்தால் ஒரே கடல். கோப்பில் மூன்று கடல்கள். அமைச்சரவை மாறும்போது ஒரு திணைக்களம் வேறொரு அமைச்சின்கீழ் போகலாம், கடிதத் தலைப்பும் மாறும். சட்டம் திருத்தப்படாத வரையில் அனுமதி தருபவர் மாறுவதில்லை.

திருகோணமலை நகரின் உவர்மலையில் மாகாண ஆளுநர் செயலகம் இருப்பதால் எல்லாம் மாகாணத்துக்குள்ளேயே முடிந்துவிடும் என்று நினைப்பதும் தவறு. 1987இல் வந்த 13ஆம் திருத்தம் மாகாணத்துக்குத் தனி அதிகாரப் பட்டியல் தந்தது உண்மை. ஆயினும், அரச காணி தொடர்பான எழுத்தாணை (அரச அலுவலருக்கு நீதிமன்றம் இடும் கட்டளை) மாகாண மேல் நீதிமன்றத்தின் நியாயாதிக்கத்துக்குள் வராது என 2013இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததன் பின், அத்தகைய வழக்குகளுக்குக் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கே போக வேண்டியிருக்கிறது. தவறான அலுவலரைப் பிரதிவாதியாக்கிவிட்டு அவ்வளவு தூரம் போவது எவ்வளவு வீண்செலவு என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

யாருக்கு அதிகாரம் என்பது புரியாவிட்டால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். கோரிக்கையை ஏற்பதா மறுப்பதா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

நிலாவெளிக்காரரின் மனுவைக் கரையோரம் பேணல் திணைக்களத் தலைவரான பணிப்பாளர் நாயகத்துக்கு முகவரியிட்டு, வரைபடத்துடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம். அமைச்சரின் கடிதத்தை இணைக்க வேண்டாம் என்றேன். அவர் அதை மடித்துக் கோவைக்குள்ளேயே பத்திரமாக வைத்துக்கொண்டார்.