மீனின் முதுகைப் பாருங்கள்: ரீஃப் டேங்கில் தீனி எவ்வளவு?

கோயில் தெப்பக்குளத்துப் படியில் நின்று மீனுக்குப் பொரி போட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒரு பிடி விழுந்ததும் தண்ணீர் கொதிக்கிற மாதிரி மீன்கள் புரளும். பக்கத்தில் நிற்கும் குழந்தை இன்னொரு பிடி கேட்கும். வாயில்லா ஜீவனுக்குப் போட்டால் புண்ணியம் என்று பாட்டி சொல்லியிருப்பார். அதே கையோடுதான் பலரும் வீட்டு ரீஃப் டேங்கின் (பவளமும் கடல்மீனும் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) முன்னால் வந்து நிற்கிறார்கள். அந்தக் கையில் இருக்கும் அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் 200 லிட்டர் கடல்நீருக்கு அந்த அன்பின் அளவு தாங்காது.

சென்னையில் மரைன் டேங்க் அமைப்பதும் பராமரிப்பதும் 14 வருடமாக என் தொழில். எனக்கு அதிகம் வரும் கேள்வி, "ஒரு நாளைக்கு எவ்வளவு போடணும்?" என்பதுதான். இதற்கு ஒற்றை எண்ணைச் சொல்ல முடியாது. உங்கள் டேங்கிற்கான அளவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்ல முடியும்.

ஒரு அடுக்குமாடி வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. 200 லிட்டர் தொட்டி. இரண்டு க்ளவுன், ஒரு டாம்சல், ஒரு கோபி, ஒரு ப்ளென்னி. பாறையெல்லாம் பச்சை முடிப்பாசி, ஜோவாந்திட்கள் (பூப்போல விரியும், பவளத்தின் உறவு உயிர்கள்) அதற்குள் மூச்சுமுட்டிக் கிடந்தன. நைட்ரேட் 80 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 80 மில்லிகிராம். தீனி யார் போடுவது என்று கேட்டேன். அந்த வீட்டுத் தாத்தா முன்னால் வந்தார். "காலைல வாக்கிங் முடிச்சுட்டு வந்ததும் ஒரு சிட்டிகை போடுவேன் தம்பி. என்னைப் பார்த்தா பாவம், ஓடி வருதுங்க." மருமகள் ஆபீஸ் கிளம்பும்முன் ஒரு சிட்டிகை. பேரன் ஸ்கூல் விட்டு வந்ததும் ஒன்று. சாயங்காலம் வேலைக்கு வரும் அக்காவும் ஒன்று. ஒருவர் போடுவது மற்றவருக்குத் தெரியாது. எல்லாரையும் பார்த்ததும் மீன்கள் ஓடி வந்திருக்கின்றன.

என் பையில் நகை எடை பார்க்கிற சின்னத் தராசு ஒன்று எப்போதும் இருக்கும். நான்கு பேரையும் அவரவர் சிட்டிகையை அதில் போடச் சொன்னேன். தாத்தாவுடையது 0.3 கிராம். பேரனுடையது கிட்டத்தட்ட ஒரு கிராம். மொத்தம் ஒரு நாளைக்கு 2 கிராம். அந்த ஐந்து சின்ன மீன்களுக்கு அரை கிராமே தாராளம்.

இந்தக் கணக்கை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிடுங்கள். பெல்லட் (உருண்டைத் தீனி) டப்பாவின் பின்னால் புரதம் 45 சதவீதம் என்று போட்டிருந்தால், ஒரு கிராமில் 450 மில்லிகிராம் புரதம். புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன், அதாவது 72 மில்லிகிராம். மீன் தின்றாலும் சரி, தின்னாமல் பாறை இடுக்கில் அழுகினாலும் சரி, அந்த நைட்ரஜன் அம்மோனியாவாகி, பாக்டீரியாவின் கைபட்டுக் கடைசியில் நைட்ரேட்டாக நிற்கும். 72 மில்லிகிராம் நைட்ரஜன் சுமார் 320 மில்லிகிராம் நைட்ரேட். 200 லிட்டரில் அது 1.6 பிபிஎம். இரண்டு கிராம் போட்டால் ஒரே நாளில் 3.2, ஒரு வாரத்தில் 22.

இது உச்சக் கணக்கு. கொஞ்சம் மீனின் உடம்பில் சேரும், கொஞ்சத்தை ஸ்கிம்மர் (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி) இழுக்கும், கொஞ்சத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும். ஆனாலும் அந்த வீட்டில் வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். நைட்ரேட் 80 இருக்கும்போது 10 சதவீதம் மாற்றினால் 8தான் குறையும். வரவு 22 வரைக்கும், செலவு 8. மாதக்கணக்கில் உப்பு வாங்கிக் கரைத்தும் ஏன் பாசி போகவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. பாஸ்பேட்டின் கதை இன்னும் மோசம். 1 சதவீதம் பாஸ்பரஸ் உள்ள பெல்லட் இரண்டு கிராம் போட்டால் அந்தத் தண்ணீரில் ஒரு நாளைக்கு 0.3 பிபிஎம் வரை பாஸ்பேட் சேரலாம். நாம் வைத்திருக்க விரும்புவதே 0.03க்கும் 0.1க்கும் இடையில்.

மருந்துக்கடையில் கிடைக்கும் ஏழு நாள் மாத்திரை டப்பா ஒன்று வாங்கி, ஞாயிற்றுக்கிழமை ஏழு நாளுக்கும் எடைபோட்டு நிரப்பச் சொன்னேன். பொறுப்பு தாத்தாவுக்கு. டப்பாவில் அன்றைய கட்டம் காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான், யார் கேட்டாலும் கிடையாது. டேங்கிலிருந்து தண்ணீர் வழிந்து வெளியேறும் ஓவர்ஃப்ளோவில் ஒரு ஃபில்டர் சாக்ஸ் (வடிகட்டிப் பை) மாட்டி மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவினார்கள். மூன்று மாதத்தில் நைட்ரேட் 15க்கு வந்தது.

கண்ணாடிக்கு ஓடி வருவதைப் பசி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த உருவம் வந்தால் தீனி விழும் என்று மீன் கற்றுக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. வயிறு நிறைய இருக்கும் மீனும் ஓடி வரும். பட்டினியில் தளர்ந்த மீன்தான் வராமல் மூலையில் நிற்கும். அதனால் மீனின் உடம்பைப் பாருங்கள். பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது. கண்ணாடிக்கு முன்னால் சேரைப் போட்டு உட்கார்ந்து, மீன் உங்களை நேராகப் பார்க்கும்போதும் திரும்பிப் போகும்போதும் கவனியுங்கள். தலைக்குப் பின்னால் முதுகுச் சதை உருண்டு திரண்டிருந்தால் நல்லது. கண்ணுக்கு மேலே குழி விழுந்து முதுகு கத்தி மாதிரி மெலிந்திருந்தால், அந்த மீன் பல வாரமாகப் போதாமல் தின்றுகொண்டிருக்கிறது. டேங் (tang) இன மீன்களில் வயிறு உள்ளே ஒட்டியிருப்பது இன்னும் சீக்கிரம் தெரியும். ஐந்து நிமிஷம் போதும். டெஸ்ட் கிட்டை எடுக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு தவறு. தொழிலின் முதல் ஆண்டுகளில் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே மந்திரம்தான் சொல்வேன்: "குறைச்சுப் போடுங்க." ஐடி வேலையில் இருந்த ஒரு தம்பி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பெரிய ஸ்கிம்மர், பாஸ்பேட் உறிஞ்சும் மீடியா, சம்பில் (தண்ணீரைச் சுத்தம் செய்யும் துணைத் தொட்டி) பாசி வளர்ப்பு எல்லாம் வைத்து, தீனியை இரண்டு நாளுக்கு ஒருமுறை ஆக்கினார். நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம். அந்த எண்களைப் படமெடுத்து எனக்கு அனுப்புவார், நானும் பாராட்டுவேன். ஒரு நாள் நேரில் போனேன். லெதர் பவளம் (ஒருவகை மென்பவளம்) வெளுத்திருந்தது. ஜோவாந்திட்கள் திறக்கவே இல்லை. மணல் மேல் காற்றுக் குமிழ் கோத்த பழுப்புச் சளி படர்ந்திருந்தது. அது டைனோஃபிளாஜெல்லேட், சத்தே இல்லாத தண்ணீரில் போட்டி குறைந்ததும் தலையெடுக்கும். ஐந்து ஆந்தியாஸ் மீன் வாங்கியிருந்தார். ஐந்தின் முதுகும் கத்தி. மீடியாவை எடுத்துவிட்டு, தீனியைப் படிப்படியாகக் கூட்டினோம். மூன்று பிழைத்தன. இரண்டுக்குத் தாமதமாகிவிட்டது. அந்த இரண்டு மீனும் என் அறிவுரையால் பட்டினி கிடந்தவை என்பதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

பவளத்துக்கும் மீனின் தீனி மறைமுகமாக உணவு. மீன் தின்று செவுள் வழியாக வெளிவிடும் அம்மோனியாவைப் பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள் எடுத்துக்கொள்கின்றன. அதனால் பூஜ்யத்தைத் தேடி ஓடாதீர்கள். மென்பவளம் உள்ள வீட்டு டேங்கில் நைட்ரேட் 5 முதல் 15 வரை நிலையாக இருந்தால் எனக்குத் திருப்தி. முதலில் மீனுக்குத் தேவையானதைப் போடுங்கள். அந்தக் கழிவைத் தாங்கும் அளவுக்கு ஸ்கிம்மரையும் தண்ணீர் மாற்றத்தையும் அமையுங்கள். தாங்கவில்லை என்றால் மீன் எண்ணிக்கை அதிகம் என்று பொருள். மீனைக் குறைக்க வேண்டுமே தவிர, இருக்கும் மீனின் சோற்றில் கைவைக்கக் கூடாது. (கல்பவளங்கள் நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்தது என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.)

ஒரு வேளைக்கு ஒரு மீனுக்கு அதன் கண் அளவு தீனி என்று தொடங்குங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வேளை. இரண்டு வாரம் கழித்து முதுகைப் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். "இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு" என்று டப்பாவில் எழுதியிருப்பதை நம்பி அளக்க வேண்டாம். வேவ்மேக்கர் (நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) ஓடும் ரீஃப் டேங்கில் அரை நிமிஷத்தில் பாதி பெல்லட் ஓவர்ஃப்ளோவுக்குள் போய்விடும். கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் மீன் தின்றுவிட்டது என்று ஆகாது. சம்பிலிருந்து தண்ணீரைத் திருப்பி ஏற்றும் ரிட்டர்ன் பம்பைப் பத்து நிமிஷம் நிறுத்தி, வேவ்மேக்கரை மெதுவாக்கிவிட்டுப் போடுங்கள். நிறுத்தியதை மறந்துபோகிறவர்கள் அதிகம், மொபைலில் அலாரம் வையுங்கள்.

மீனுக்கு மீன் தேவை மாறும். க்ளவுனுக்கு இரண்டு வேளை போதும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் க்ளவுன் மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். அப்படித் தொட்டியில் பிறந்த மீன் உங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளே பெரும்பாலும் பெல்லட் தின்னும், கடலில் பிடித்த மீனோடு நடக்கும் போராட்டம் இருக்காது. ஆந்தியாஸ் கடலில் பகல் முழுக்க மிதவையுயிர்களைக் கொத்திக்கொண்டே இருப்பது. அதற்கு நாளுக்கு நான்கைந்து முறை கொஞ்சம் கொஞ்சமாகப் போட ஆள் இல்லையென்றால் அதை வாங்கவே வேண்டாம். டேங் பாசி மேய்கிற மீன். உப்போ எண்ணெயோ மசாலாவோ சேராத நோரித் தாளை (காயவைத்த கடற்பாசி) கிளிப்பில் மாட்டுங்கள். வெறும் இறாலும் பெல்லட்டும் போட்டு டேங் மீனை வளர்ப்பது மாட்டுக்குப் புல் காட்டாமல் வளர்ப்பது போல. மாண்டரின் மீன் நீங்கள் போடும் எதையும் பெரும்பாலும் தொடாது. பாறையில் ஊரும் கோப்பிபாட் என்ற நுண்ணுயிர்களைத் தேடித் தேடித் தின்னும். புது டேங்கில் அது அழகாக நீந்திக்கொண்டே பட்டினியில் சாகும். ஒரு வருடம் ஓடிய, பாறை நிறைந்த டேங்க் இல்லாதவருக்கு நான் மாண்டரின் விற்பதில்லை.

ஃப்ரோசன் மைசிஸ் (உறையவைத்த, இறால் போன்ற சிற்றுயிர்) கட்டி பார்க்கப் பெரிதாக இருக்கும். பெரும்பகுதி தண்ணீர், காய்ந்த எடை அரை கிராமைச் சுற்றித்தான் வரும். ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிரை முட்டையிலிருந்து பொரித்ததும் சில மணி நேரத்துக்குள் கொடுத்தால் சத்து. வளர்ந்த ஆர்ட்டீமியாவை வெறுமனே கொடுத்தால் வயிறு நிறையும், உடம்பு தேறாது. மார்க்கெட் இறாலை அரைத்துப் போடுகிறவர்கள் உண்டு. உங்கள் டேங்கில் க்ளீனர் ஷ்ரிம்ப் (மீனைச் சுத்தம் செய்யும் இறால்) இருந்தால் அதைச் செய்யாதீர்கள். பண்ணை இறாலை அழிக்கும் வெண்புள்ளி வைரஸ் மற்ற இறால் இனங்களையும் தாக்கும்.

புது டேங்கில் இன்னும் கவனம் வேண்டும். கடல்நீரின் பிஎச் 8.2ஐ ஒட்டி இருக்கும். நன்னீரைவிட அதில் அம்மோனியா அதிக விஷமாக மாறும். பாக்டீரியா நிலைபெறும்வரை ஒன்றோ இரண்டோ மீன், கண் அளவுக்கும் குறைவான தீனி. அம்மோனியா துளி தெரிந்தாலும் அன்றைக்குத் தீனி இல்லை.

கரண்ட் இல்லாவிட்டால் தீனி இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், இருட்டில் மீன் பாவம் என்று இரண்டு கட்டி ஃப்ரோசன் கரைத்துப் போட்டார்கள். பம்ப் ஓடாத தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைந்துகொண்டிருக்கும். தின்ற மீனுக்கு அதைச் செரிக்கக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டும். தின்னாத மிச்சத்தை அழுகவைக்கும் பாக்டீரியாவும் அதே ஆக்சிஜனைத்தான் எடுக்கும். விடிவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதே புயலில் ஒரு பருக்கைகூடப் போடாமல், பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை மட்டும் ஓடவிட்ட வீட்டில் மூன்று நாள் கழித்தும் எல்லா மீனும் நீந்திக்கொண்டிருந்தன.

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். நன்றாகத் தேறிய க்ளவுன், டாம்சல், கோபி போன்றவை மூன்று நான்கு நாள் தீனி இல்லாமல் தாங்கும். அதற்கு மேல் என்றால், பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுக்கும்போது தீனி டப்பாவைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து, "செவ்வாய் காலை", "புதன் காலை" என்று எழுதி, அதை மட்டும் டேங்க் மேல் வையுங்கள். மிச்ச டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். ஒருநாள் போட மறந்துவிட்டதாகப் போன் வந்தால், அந்த மடிப்பை அப்படியே விட்டுவிடச் சொல்லுங்கள். மறுநாள் இரண்டையும் சேர்த்துப் போட வேண்டாம்.