சுட்ட பித்தளை உறை: அடிக்கு இறுக்கம், வாய்க்கு இளக்கம்

சுட்டு முடித்த ஒரு ரைஃபிள் தோட்டா உறையிலிருந்து பிரைமரை (அடிபட்டதும் தீ விட்டு வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) கழற்றிவிட்டு, ஆக்சா பிளேடால் நீளவாக்கில் இரண்டாக அறுத்துப் பார்த்தால் பாதிப் பாடம் அங்கேயே தெரிந்துவிடும். அடிப்பகுதி கெட்டியான பித்தளைக் கட்டி. அதன் நடுவில் பிரைமர் உட்காரும் குழியும், தீ மேலே போக ஒரு சின்னத் துளையும் இருக்கும், அவ்வளவுதான். அதற்கு மேலே சுவர் படிப்படியாக மெலிந்துகொண்டே போய், தோளில் சரிந்து, குண்டைப் பிடிக்கும் கழுத்தில் அரை மில்லிமீட்டருக்கும் கீழே வந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் ஒன்றும் உண்டு: அடி இறுகிய பித்தளை, கழுத்து இளகிய பித்தளை. உலோகம் ஒன்றே, 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். பதம்தான் இரண்டு. சுட்ட உறையை மறுபடி தோட்டாவாக்கத் தயார் செய்வது என்றால், இந்த இரண்டு பதத்தையும் கெடாமல் காப்பாற்றுவது. உறை பளபளக்கிறதா என்பது கடைசிக் கவலை. (தோட்டாவைத் திரும்ப நிரப்புவது பல நாடுகளில் உரிமத்துக்கு உட்பட்டது. அதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே பேசுவது பித்தளையைப் பற்றி மட்டும்.)

வெடிமருந்து எரியும்போது நவீன ரைஃபிளில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டையும், அதாவது சுமார் 410 மெகாபாஸ்கலையும், தாண்டிப் போகலாம். உறையின் மெல்லிய முன்பகுதி உப்பி, சேம்பரின், அதாவது துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின், எஃகுச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வாயு பின்பக்கம் கசியாமல் அடைப்பது இந்த ஒட்டல்தான். அழுத்தம் இறங்கியதும் பித்தளை இம்மியளவு சுருங்கிச் சுவரை விட வேண்டும், இல்லாவிட்டால் உறை வெளியே வராது. உப்பவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். ஈயம் போல மெத்தென்று இருந்தால் திரும்பாது, கண்ணாடி போல விறைத்திருந்தால் விரிசல் விடும்.

இந்தப் பிடிப்பே ஒரு கேட்டுக்கும் காரணம். மெல்லிய முன்சுவர் சேம்பரைக் கவ்விக்கொண்டு நகர மறுக்கும் அதே நேரத்தில், தடித்த அடிப்பகுதி பின்னால் தள்ளப்பட்டு அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டின் முகத்தில் போய் மோதுகிறது. கவ்விய பகுதிக்கும் நகர்ந்த பகுதிக்கும் இடையே, கெட்டி அடி முடிந்து சுவர் தொடங்கும் இடத்தில், பித்தளை இழுபட்டு மெலிகிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் அதே வளையத்தில்தான் மெலியும். ஒரு நாள் அடி தனியே கழன்று வந்து, மீதி உறை சேம்பருக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அதுவும் நல்ல முடிவுதான். கெட்ட முடிவில் கொதிக்கும் வாயு பின்னால் பீறிட்டு வரும்.

அதனால் முதல் வேலை கழித்துக்கட்டுவது. நாலைந்து உறைகளைக் கையில் குலுக்கினாலே விரிசல் விட்டது காட்டிக்கொடுத்துவிடும்; மற்றவை கிண்ணென்று ஒலிக்க, அது மட்டும் ஓட்டைப் பானை போலச் சத்தம் போடும். கழுத்தில் நீளவாக்கில் விழுந்த விரிசல் கண்ணுக்கே தெரியும். அடிக்குச் சற்று மேலே பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டும். உள்ளே பார்க்க ஒரு பேப்பர் கிளிப் போதும்: அதை நிமிர்த்தி, நுனியில் 3 மி.மீ. அளவை செங்குத்தாக மடித்து, முனையைக் கூராகத் தேய்த்துக்கொள்ளுங்கள். உறைக்குள் விட்டு அடியிலிருந்து மேல்நோக்கிச் சுவரை உரசிக்கொண்டே இழுங்கள். நல்ல உறையில் கம்பி வழுக்கிக்கொண்டு வரும். மெலிந்த உறையில் ஒரு பள்ளத்தில் சட்டென்று விழுந்து ஏறும். விரலுக்கு அது பட்டுவிட்டால் மறுபேச்சு வேண்டாம், உறை கழிவு.

பிரைமரைத் தள்ளி எடுக்கும்முன், உறையின் வாய் வழியே அடியில் உள்ள துளையைப் பார்ப்பது நல்லது. நடுவில் ஒரே துளை இருந்தால் பாக்ஸர் வகை; டையின் (உறையை நெருக்கி அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) ஊசி நேராக இறங்கி பிரைமரை வெளியே தள்ளிவிடும். ஓரமாக இரண்டு சிறு துளைகள் இருந்தால் பெர்டான் வகை. ஊசி கெட்டிப் பித்தளையில் மோதி ஒடியும். இதில் ஒரு வேடிக்கை: பெர்டான் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர், இரண்டும் 1860-களில் வந்தவை. கடைசியில் அமெரிக்காவில் நிலைத்தது ஆங்கிலேயருடையது, ஐரோப்பாவில் பரவியது அமெரிக்கருடையது.

அடுத்தது கழுவல். உலர்முறையில், அரைத்த வால்நட் ஓட்டையோ சோளத்தக்கையையோ அதிரும் தொட்டியில் போட்டு உறைகளை உருட்டுவார்கள். ஈரமுறையில், சுழலும் உருளையில் தண்ணீரும் 1 மி.மீ. தடிமனுள்ள துருப்பிடிக்காத எஃகு ஊசிகளும் சேரும். நான்கு லிட்டர் தண்ணீருக்குக் கால் டீஸ்பூன் சிட்ரிக் அமிலம், ஒரு மேசைக்கரண்டி பாத்திர சோப்புத் திரவம் போதும். அமிலம் கூடினால் துத்தநாகம் கரைந்து வெளியேறி, பித்தளை இளஞ்சிவப்பாகத் திட்டுத்திட்டாகும். மணிக்கணக்கில் உருட்டினால் உறைகள் ஒன்றோடொன்று மோதி வாய் விளிம்பு மழுங்கி மடங்கும். ஒன்று இரண்டு மணி நேரத்தில் எடுத்து, ஒவ்வொன்றையும் தலைகீழாக உதறி, உள்ளே ஊசி சிக்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குறுகிய கழுத்தில் இரண்டு ஊசிகள் அணைத்துக்கொண்டு நிற்பது சாதாரணம்.

பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் உண்டு. உலர்முறையில் எழும் தூசியில் அந்த ஈயம் இருக்கிறது. வீட்டுக்குள் சல்லடையை உதறுவது, துடைப்பத்தால் கூட்டுவது, இடையில் எதையாவது சாப்பிடுவது மூன்றும் கூடாது. ஈரத்துணியால் துடைத்து, கையை சோப்பால் கழுவ வேண்டும். ஈரமுறையின் உண்மையான ஆதாயம் பளபளப்பைவிட இந்தத் தூசியின்மைதான்.

கழுவும் திரவத்தில் அமோனியா மட்டும் இருக்கக் கூடாது. சில உலோக மெருகுத் திரவங்களில் அது உண்டு. இந்தத் தடைக்குப் பின்னால் ஒரு பழைய புதிர் இருக்கிறது. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயப் படையின் தோட்டாக்கள், மழைக்காலத்தில் யாரும் தொடாமலே பெட்டிக்குள் விரிசல் விட்டன. பருவம் பார்த்து வந்ததால் அதற்குப் பருவ விரிசல் என்றே பெயர் விழுந்தது. மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூவர் 1921-ல் காரணத்தை விளக்கினார்கள். தோட்டாக்கள் வைத்திருந்தது குதிரை லாயங்களில். குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியா ஈரக்காற்றோடு சேர்ந்து பித்தளையைத் தாக்கியது. ஆனால் அமோனியா மட்டும் போதாது. உறையை இழுத்து வடிவாக்கியபோது உலோகத்துக்குள் உறைந்துபோன இழுவிசை இருந்தால்தான் விரிசல் திறக்கும். ஆகவே மருந்தும் இரண்டு: உலர்ந்த கிடங்கு, உள்ளிறுக்கத்தைத் தளர்த்தும் சூடு.

அந்தச் சூட்டுக்குத்தான் அனீலிங் என்று பெயர். ஒரு கம்பியை மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்தி உடைப்போமே, உறையின் கழுத்துக்கும் நடப்பது அதுதான். சுடும்போது விரிகிறது, டையில் சுருங்குகிறது, குண்டு ஏறும்போது மறுபடி விரிகிறது. உலோகப் படிகத்துக்குள் அணு வரிசைகள் பிசகிய இடங்கள் உண்டு. அவை நகர்வதால்தான் உலோகம் வளைகிறது. வளைக்க வளைக்கப் பிசகுகள் பெருகி, நூல்கண்டில் சிக்கு விழுந்ததுபோல ஒன்றையொன்று தடுத்து நிறுத்துகின்றன. உலோகம் இறுகுகிறது. இறுகிய கழுத்து டையிலிருந்து வந்ததும் முன்பைவிட அதிகமாகத் திரும்பி விரியும்; குண்டின் மேல் பிடி உறைக்கு உறை மாறும்; கடைசியில் கிழியும். சூடு காட்டினால் சிக்கு விழுந்த பழைய படிகங்களின் இடத்தில் புதிய, சுத்தமான படிகங்கள் முளைக்கின்றன. பித்தளை இளகுகிறது.

எவ்வளவு சூடு என்பதில் வெப்பமும் நேரமும் கூட்டாளிகள். 250 டிகிரி செல்சியஸில் இளக்கம் தொடங்க ஒரு மணி நேரம்கூட ஆகலாம். தீச்சுடரில் உறையைச் சுழற்றும்போது கையில் இருப்பது ஐந்தாறு விநாடிகள்தான், ஆகவே கழுத்து 400 டிகிரியைத் தாண்டியாக வேண்டும். மேல் எல்லையைக் கண்ணே சொல்லிவிடும்: பொருள்கள் இருட்டில் மங்கிய செம்மை காட்டத் தொடங்குவது சுமார் 525 டிகிரியில். விளக்கை அணைத்துவிட்டு, கழுத்தில் அந்த முதல் செம்மை தெரிய எத்தனை விநாடி ஆகிறது என்று கழிவு உறைகளில் எண்ணிப் பார்த்து, அந்தக் கணக்கில் நல்லவற்றைச் செய்யலாம். பகல் வெளிச்சத்திலேயே ஆரஞ்சாகத் தெரிந்தால் காரியம் கெட்டுவிட்டது. படிகங்கள் பெருத்து, கழுத்து குண்டைப் பிடிக்கும் தெம்பை இழந்திருக்கும். இடுக்கியால் வாயை லேசாக நெருக்கிப் பாருங்கள். சரியான பதத்தில் இருப்பது விட்டதும் வட்டத்துக்குத் திரும்பும், மிஞ்சியது நசுங்கியபடியே நிற்கும்.

இதைவிடப் பெரிய தவறு அடிப்பகுதி சூடாவது. அடி இறுகியிருப்பதால்தான் அழுத்தத்தைத் தாங்குகிறது. இளகினால் பிரைமர் குழி விரிந்து, வாயு பின்னால் வரும். உறைகளை மொத்தமாக அடுப்பில் வைத்து அனீலிங் செய்யவே கூடாது என்பது இதனால்தான். உடலின் நடுவில் 230 டிகிரியில் உருகும் வெப்பக்காட்டிப் பூச்சை ஒரு கோடு இழுத்துவிட்டால், சூடு எதுவரை இறங்கியது என்று தெரியும். அந்தக் கோடு அடியின் பக்கம் உருகவே கூடாது. காய்ச்சிய உறையைத் தண்ணீரில் போடுவதா வேண்டாமா என்ற விவாதம் ஓயாதது. எஃகு தண்ணீரில் இறுகும், பித்தளைக்கு அந்தக் குணம் கிடையாது. தண்ணீர் செய்வதெல்லாம் சூடு கீழே இறங்குவதை நிறுத்துவது மட்டும், அதற்குப் பிறகு உலர்த்தும் வேலை வேறு. காற்றிலேயே ஆறவிடுவது எளிது. வாங்கிய புதிய உறைகள் சிலவற்றில் கழுத்தும் தோளும் நீலமும் பழுப்புமாகக் கறுத்திருக்கும். குறை என்று நினைக்க வேண்டாம், தொழிற்சாலையில் இதே சூடு காட்டிய தடம்தான் அது.

அனீலிங்கை அளவுபடுத்தும் முன்பே செய்துவிட வேண்டும், ஏனென்றால் பதம் மாறினால் டையிலிருந்து வரும் அளவும் மாறும். சைசிங் டைக்குள் உறை உராயாமல் போக மசகு தேவை. லனோலின் ஒரு பங்கை பன்னிரண்டு பங்கு சுத்தமான ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்துத் தெளித்து, ஆல்கஹால் ஆவியாகும்வரை சில நிமிடம் விடுவார்கள். மசகு குறைந்தால் கிறீச்சென்ற ஓசை வரும். அங்கேயே நிறுத்தாமல் நெம்புகோலை அழுத்தினால் உறை டைக்குள் இறுகி, அடியில் துளையிட்டு மறைதட்டித் திருகாணி போட்டு இழுத்துத்தான் எடுக்க முடியும். கூடினால் எண்ணெய்க்கு ஒதுங்க இடமில்லாமல் தோளில் குழி விழும். நேர்ச்சுவர் கொண்ட கைத்துப்பாக்கி உறைகளுக்கு டங்ஸ்டன் கார்பைடு வளையமுள்ள டை இருந்தால் மசகே வேண்டாம்.

டையை எவ்வளவு கீழே இறக்குவது என்பதில்தான் உறையின் ஆயுள் இருக்கிறது. தோளைத் தேவைக்கு மேல் பின்னே தள்ளினால், அடுத்த சுடுதலில் உறை முன்னும் பின்னும் ஆட இடம் கிடைத்து, முன்பு சொன்ன வளையம் வேகமாக மெலியும். போல்ட்டைக் கையால் இயக்கும் ரைஃபிளுக்கு, சுட்ட உறையின் தோளைவிட 0.05 மி.மீ. பின்னால் போனால் போதும். வழக்கமான டையின் மறையில் அங்குலத்துக்கு 14 சுற்று; ஒரு முழுச் சுற்றில் டை 1.81 மி.மீ. இறங்குகிறது. அப்படியானால் 0.05 மி.மீ. என்பது வெறும் 10 டிகிரித் திருப்பம். கண்மதிப்பில் ‘இன்னும் கால் சுற்று’ என்று திருப்புவது எவ்வளவு முரட்டு வேலை என்று இதிலிருந்து தெரியும். கேலிப்பரில் பொருத்தும் தோள்மானி இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

டையில் நெரிபட்ட பித்தளை மேலே ஒழுகுவதால் உறை நீளும். அதனால் நீளத்தை அளப்பது சைசிங்குக்குப் பிறகு. .308 வின்செஸ்டர் உறையின் உச்ச நீளம் 51.18 மி.மீ., வெட்டும் நீளம் 50.93. .223 ரெமிங்டனுக்கு 44.70, 44.45. உச்சத்தைத் தாண்டிய உறையின் வாய் சேம்பரின் முன்விளிம்பில் நெருக்கப்பட்டு குண்டை இறுக்கிப் பிடிக்கும். குண்டு விடுபடத் தாமதித்தால் அழுத்தம் எகிறும். வெட்டிய விளிம்பின் பிசிறை உள்ளும் புறமும் லேசாகச் சீவ வேண்டும். கத்தி முனையாகும்வரை சீவுகிறவர்கள் வாயை மெலிய வைத்து விரிசலுக்கு வழி செய்கிறார்கள்.

பிரைமர் குழியில் கரி இருந்தால் சுரண்டி எடுக்கலாம். ராணுவ உறைகளில் பிரைமரைச் சுற்றி விளிம்பை நசுக்கிப் பூட்டியிருப்பார்கள், அதை அகற்றாமல் புதிய பிரைமர் உள்ளே போகாது. பிரைமர் உட்கார்ந்தபின் அடித்தளத்துக்குச் சற்று உள்ளே இருக்க வேண்டும், விரல் நுனியால் தடவினாலே தெரியும். எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தால் அந்தக் குழி விரிந்துவிட்டது. இதற்குச் சூடும் உதவாது, டையும் உதவாது.

அப்படிக் கழித்த ஒவ்வொரு உறையின் வாயையும் இடுக்கியால் நசுக்கிவிட்டே பழைய பித்தளைப் பெட்டியில் போடுங்கள். நசுக்காமல் ஓரமாக வைத்த உறை, அடுத்த முறை நல்லவற்றோடு கலந்து கழுவப்பட்டு, மற்றவற்றைப் போலவே பளபளவென்று கைக்கு வந்து சேரும்.