கண்ணைச் சுட்டது சாட்டிலைட் இல்லை

"சாட்டிலைட் வெளிச்சம் பிள்ளைக்க கண்ணுல அடிச்சிட்டு டாக்டரே." நாகர்கோவிலில் என் கிளினிக்கில் இதை இன்னொரு தடவை கேட்டால் நான் நிதானமாகப் பதில் சொல்வேனா என்று தெரியவில்லை.

இந்த மாதம் வந்தவன் குளச்சல் பக்கம், பிளஸ் ஒன். சார்ட்டில் அவன் நேராகப் பார்க்கும் எழுத்து மட்டும் அழிந்திருக்கிறது, சுற்றியுள்ளவை தெரிகின்றன. விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓசிடி ஸ்கேனில், அதன் நட்டநடுவில் சிறிய வெட்டு.

"டெலஸ்கோப்ப எப்ப வெச்ச மக்ளே?"

"ஆறு மணிக்கு. கடலப் பாத்து. ஃபோகஸ் பண்ணத்தான்."

"சூரியன்?"

"செவந்துதான டாக்டரே இருந்துது."

அவன் டெலஸ்கோப்பில் தேடிய சாட்டிலைட்டில் விளக்கு எதுவும் எரிவதில்லை. அஜிசாய் என்ற அது, ஜப்பான் 1986-ல் அனுப்பிய உருண்டை. குறுக்களவு இரண்டு மீட்டர் சொச்சம், உடம்பெல்லாம் 318 கண்ணாடிகள். அது சுழலச் சுழல, ஏதாவதொரு கண்ணாடி நம் பக்கம் திரும்பும்போது வெயில் பட்டு ஒரு நொடிப்பொழுது மின்னும். ஏறத்தாழ 1,490 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அந்த மின்னல் ஒரு நட்சத்திர அளவுதான். பழைய இரிடியம் தொலைபேசிச் சாட்டிலைட்டுகள் உச்சத்தில் மின்னியபோதுகூட முழுநிலவின் வெளிச்சத்துக்குக் கிட்ட வரவில்லை. முழுநிலவை டெலஸ்கோப்பில் பார்த்து யாருக்காவது கண் போயிருக்கிறதா? சூரியனோ முழுநிலவைவிட ஏறக்குறைய 4 லட்சம் மடங்கு பிரகாசம். 70 மில்லிமீட்டர் லென்ஸ் அதை இன்னும் நூற்றுக்கணக்கான மடங்கு கூட்டிக் கண்மணிக்குள் இறக்குகிறது. சுட்டது எது என்று நீங்களே சொல்லுங்கள்.

சிவந்த சூரியன் கூசாது. அதனாலேயே பிள்ளைகள் கண்ணை எடுப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு அப்போதும் வந்துகொண்டுதான் இருக்கும். விழித்திரைக்கு வலியும் தெரியாது. மறுநாள் காலையில் அம்மா முகத்தின் நடுவில் கறுப்புப் புள்ளி தெரியும்போதுதான் வீட்டில் பதறுவார்கள்.

இத்தனைக்கும், அஜிசாயைப் பார்க்க அவ்வளவு அவசரமே இல்லை. அந்த உயரத்தில், நமக்குச் சூரியன் மறைந்து இரண்டு மணி நேரம் ஆனாலும் அதன்மேல் வெயில் அடிக்கும். இருட்டிய பிறகு டெலஸ்கோப்பை வெளியே எடுங்கள். ஃபோகஸ் செய்ய ஒரு நட்சத்திரம் போதும். பகலில் வெளியே வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் மூடி போட்டு வையுங்கள், மேலே குறிபார்க்க இருக்கும் சின்னக் குழாய், ஃபைண்டருக்கும் சேர்த்து. அதை யாரும் மூடுவதே இல்லை. கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸில் திருகும் கறுப்பு 'சன்' ஃபில்டர் பெட்டியோடு வந்திருந்தால் இன்றைக்கே குப்பையில் போடுங்கள். சூட்டில் அது எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது.

பார்த்தே விட்டானா? தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடாதீர்கள். ஒரு கண்ணைப் பொத்தி ஜன்னல் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு மற்றக் கண்ணையும். கம்பி வளைந்தோ நடுவில் அறுந்தோ தெரிந்தால் உடனே கண் டாக்டரிடம் வாருங்கள். இதைக் குணமாக்கும் மருந்து என்னிடம் இல்லை. சிலருக்குச் சில மாதங்களில் பார்வை ஓரளவு திரும்புகிறது, சிலருக்கு அந்தப் புள்ளி நிரந்தரம். டெலஸ்கோப் வாங்கிக் கொடுத்த அப்பாமாரே, முதல் நாள் சாயங்காலம் பிள்ளையோடு நீங்களும் மாடிக்குப் போங்களேன்.