வயரை எரித்தால் செம்பு மட்டுமா வரும்?

வைகைக் கரையோரத்திலும் கண்மாய்க் கரைகளிலும் சில நாள் விடியற்காலையில் கறுப்புப் புகை சுருண்டு எழும். கிட்டப் போனால் கண் காந்தும், தொண்டை கமறும். பல நேரம் அங்கே எரிவது வயர்க் கட்டு. பழைய வீட்டு வயரிங், கேபிள், மோட்டார் வயர் எல்லாவற்றின் மேலுறையையும் கொளுத்திவிட்டு, செம்பை மட்டும் காயலான் கடையில் போடுவதற்காக வைக்கும் தீ அது. மதுரையைச் சுற்றிக் குப்பை எரிகிற இடங்கள் எத்தனையோ உண்டு. நஞ்சு என்று பார்த்தால் வயர்த் தீதான் மிக மோசமானது.

வயரின் மேலுறை பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக். தூய பி.வி.சி.யின் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின். வயர் வளைய வேண்டும் என்று எண்ணெய் போன்ற வேதிப்பொருளும் சுண்ணாம்புத் தூளும் கலப்பதால் இந்த அளவு குறையும். குறைந்தாலும் மிச்சமிருப்பது கொஞ்சநஞ்சமல்ல. சூடு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் குளோரின் பிரிந்து, ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாகக் கிளம்புகிறது. ஈரம் பட்டால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், கக்கூஸ் கழுவும் ஆசிட்டில் இருக்கும் அதே அமிலம். கண், மூக்கு, தொண்டை மூன்றும் எப்போதும் ஈரமாக இருப்பவை. முதலில் அவை எரிவது அதனால்தான்.

அந்த எரிச்சல் ஆளை விலகிப் போகவாவது வைக்கும். அடுத்து உருவாகும் டையாக்சின் என்னும் குளோரின் கலந்த கொடிய நஞ்சுக்கு எரிச்சலும் இல்லை, மூக்குக்குத் தெரிகிற வாசனையும் இல்லை.

டையாக்சின் தீயின் நடுவில் பிறப்பதைவிடப் புகை ஆறும்போதுதான் அதிகம் பிறக்கிறது. புகையின் சூடு 450 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்கு இறங்கும் நேரத்தில், கரித்துகளின் மேற்பரப்பில் கரியும் குளோரினும் சேர்ந்து டையாக்சினாகின்றன. இந்த வேலையைச் செம்பு பல மடங்கு வேகப்படுத்துகிறது. வயரை எரிக்கும்போது குளோரின், கரி, செம்பு மூன்றும் ஒரே இடத்தில் கூடிவிடுகின்றன. முறையான எரியுலைகளில் புகையைக் குறைந்தது 850 டிகிரியில் 2 விநாடியாவது வைத்திருப்பார்கள். பிறகு சட்டென்று குளிரவைத்து, வடிகட்டிகள் வழியாக வெளியே விடுவார்கள். மண்தரையில் புகைந்து புகைந்து எரியும் கட்டில் காற்றும் போதாது, சூடும் போதாது. புகை மெதுவாக ஆறுகிறது. டையாக்சின் உருவாக அதுதான் வசதி.

1976 ஜூலை 10 அன்று இத்தாலியின் செவேசோ ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரசாயன ஆலையிலிருந்து டையாக்சின் கசிந்தது. குழந்தைகளின் முகத்தில் குளோராக்னி என்னும் கடுமையான கொப்புளங்கள் வந்தன. அங்கே கசிந்த டி.சி.டி.டி. என்னும் டையாக்சின் வகை புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று 1997-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது. டையாக்சின் ஹார்மோன்களையும் நோய் எதிர்ப்புச் சக்தியையும் குலைக்கும். உடலுக்குள் போனால் கொழுப்பில் தங்கிவிடும். போனதில் பாதி வெளியேறவே 7 முதல் 11 ஆண்டு பிடிக்கும்.

மூச்சைவிடச் சாப்பாட்டு வழியாகத்தான் அது நமக்குள் அதிகம் வருகிறது. மனிதருக்குச் சேர்வதில் 90 சதவீதத்துக்கும் மேல் இறைச்சி, பால், மீன், முட்டை வழியாக வருவதே. எரித்த இடத்துச் சாம்பலும் புகைத்துகளும் புல்லில் படிகின்றன. மாடு மேய்கிறது, பாலில் இறங்குகிறது. கோழி அந்த மண்ணையே கிளறிக் கொத்துகிறது, முட்டையின் மஞ்சள் கருவில் சேர்கிறது. குப்பை எரிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மேயும் நாட்டுக்கோழி முட்டை, நாட்டு முட்டை என்பதாலேயே நல்லதாகிவிடாது. பிளாஸ்டிக் கலந்து எரித்த சாம்பலைத் தென்னைத் தூரில் கொட்டுவதும், அதைக்கொண்டு பாத்திரம் துலக்குவதும் அறவே கூடாது. பழைய வயர் உறைகளில் ஈயம் சேர்த்திருப்பார்கள். அது எரிந்து அழியாது, சாம்பலில் தங்கும். குழந்தையின் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். தெர்மோகோல் எரிந்தால் ஸ்டைரீனும் பென்சீனும் அடர்ந்த கரியும் வரும். ஃபோம் மெத்தை எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு. டயரில் கந்தக டையாக்சைடும் பென்சோபைரீன் வகை நஞ்சுகளும். வெறும் சருகு எரிந்தாலும் நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் உண்டு, இலைதானே என்று விட முடியாது.

இதில் பென்சீனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது எலும்பு மஜ்ஜையைத் தாக்கும். ரத்தசோகையில் தொடங்கி ரத்தப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். ஒரு கனமீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்திய வரம்பு. அதன் இனிப்பு வாசனை மூக்கில் தெரிய, இதைப்போலப் பல நூறு மடங்கு வேண்டும். வாசனை இல்லையே என்று நின்றுகொண்டிருந்தால் அதற்குள் வரம்பு எங்கேயோ போயிருக்கும். பெட்ரோலிலும் பென்சீன் உண்டு. பெட்ரோல் பங்கில் டாங்க் மூடியைத் திறந்துவைத்து எட்டிப் பார்க்கும் பழக்கத்தையும் இதற்காகவே விட வேண்டும்.

மார்கழி, தை விடியலில் எரிப்பது இன்னும் கெடுதல். இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்று கனத்துக் கீழேயே கிடக்கும். மேலே இருக்கும் வெப்பமான அடுக்கு மூடிபோல் அமர்ந்துவிடும். புகை ஏற வழியில்லாமல் தெருவிலேயே பரவும். வெயில் ஏறித் தரை சுட்ட பிறகுதான் கலையும். நடைப்பயிற்சிக்குப் போகிறவர்களும் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகளும் தெருவில் இருக்கும் நேரமும் அதுதான்.

மதுரை, தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட நகரம். ஆனால் 2009-ல் இந்தியா வகுத்த காற்றுத் தர வரம்பில் உள்ள 12 மாசுகளில் டையாக்சின் இல்லை. ஆகவே காற்றுத் தரக் குறியீடு பச்சையாகக் காட்டுகிறது என்பதை வைத்து வயர்ப் புகையை எடைபோடக் கூடாது.

செம்புக்கு எரிப்பு தேவையே இல்லை. வயர் உரிக்கும் கட்டிங் பிளேயரோ, கையால் சுற்றும் உரிப்பு இயந்திரமோ போதும். எரித்த செம்பு கறுத்து, மெல்லிய இழைகள் உதிர்ந்துபோகும். உரித்த செம்பு பளபளப்பாக இருக்கும், விலையும் அதற்குத்தான் கூடுதல். சருகுக்கு 3 அடி நீள, அகல, ஆழமுள்ள குழி போதும். சருகு ஓர் அடுக்கு, சாணம் அல்லது காய்கறிக் கழிவு மெல்லிய ஓர் அடுக்கு என மாற்றி மாற்றிப் போட்டு, பிழிந்த துணி அளவுக்கு ஈரம் காத்து, பத்து நாளுக்கு ஒருமுறை கிளறினால் இரண்டு மூன்று மாதத்தில் எருவாகும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், சருகைச் சேர்க்க வேண்டும். சூடே ஏறாவிட்டால் சாணம் போதவில்லை.

யாராவது புகையில் மாட்டிக்கொண்டால் காற்று வரும் திசைக்கு அழைத்துப் போய், கண்ணை ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். முகத்தில் கட்டும் ஈரத்துணி வாயுக்களைத் தடுக்காது. என்95 முகக்கவசமும் துகளைத்தான் நிறுத்தும். தலைவலி, குமட்டல், மயக்கம் இருந்தால் கார்பன் மோனாக்சைடு ஏறியிருக்கலாம். அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. 98 என்றுகூடக் காட்டலாம். அந்த எண்ணை நம்பி வீட்டில் படுக்கவைக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், புகையில் நின்றவர் என்று முதலிலேயே சொல்லுங்கள். சாதாரணக் காற்றில் அந்த வாயு பாதியாகக் குறைய 4, 5 மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் குறையும். மூச்சிரைப்பு பல மணி நேரம் கழித்தும் வரக்கூடும் என்பதால் அன்று இரவு அவரைத் தனியே விடக் கூடாது.