ஜேம்ஸ் டீனின் ஸ்பைடர்: உண்மையில் காணாமல் போனது எது?

2021 மே மாதக் கடைசியில், அமெரிக்காவில் நடந்த இணைய ஏலம் ஒன்றில் ஒரு பழைய கியர்பாக்ஸ் 3,82,000 டாலருக்கு விலை போனது. காரும் இல்லை, எஞ்சினும் இல்லை. பல வருடம் மரப்பெட்டிக்குள் கிடந்த ஓர் உலோக வார்ப்பு, அதிலிருந்து நீளும் அச்சுத் தண்டுகள், அவ்வளவுதான். வார்ப்பின் மேல் குத்தியிருந்த எண் 10046. வாங்கியவர் பணம் கொடுத்தது அந்த எண்ணுக்கு. போர்ஷே தொழிற்சாலைப் பதிவுகளில் அது 550-0055 என்ற சேஸிஸ் எண்ணோடு, அதாவது காரின் அடிச்சட்ட எண்ணோடு, சேர்ந்து நிற்கிறது. 1955 செப்டம்பர் 30 மாலை, கலிஃபோர்னியாவில் ஷோலாம் என்ற சிற்றூருக்கு அருகே, நடிகர் ஜேம்ஸ் டீன் தன் 24ஆவது வயதில் உயிரிழந்தது அந்தக் காரில்தான்.

சபிக்கப்பட்ட கார், தொட்டவர்களை எல்லாம் பழிவாங்கிய கார், கடைசியில் பூட்டிய பெட்டிக்குள்ளிருந்தே மாயமான கார் என்று இதைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளுக்குக் குறைவில்லை. ஆனால் 550-0055 முழுக் காராக ஒருநாளும் காணாமல் போகவில்லை. காணாமல் போனதாகச் சொல்லப்படும் 1960-க்கு நாலு வருடம் முன்பே அதைப் பிரித்துவிட்டார்கள். எந்தத் துண்டு எங்கே போனது என்று பார்த்தால் விவகாரத்தில் பாதி தெளிந்துவிடும். அதற்கு முதலில் அந்தக் கார் எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிய வேண்டும்.

டீனின் கார் போர்ஷே 550 ஸ்பைடர், பந்தயத்துக்கென்றே செய்த வண்டி. எஃகுக் குழாய்களால் பற்றவைத்த ஏணி வடிவச் சட்டம். அதன் மேல் மெல்லிய அலுமினியத் தகடுகளால் ஆன கூடு. கூரை கிடையாது. உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டர். வெற்று எடை 550 கிலோவை ஒட்டி. எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். கியர்பாக்ஸும், சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் ஒரே வார்ப்புக்குள் சேர்ந்த டிரான்சாக்ஸில் அதற்கும் பின்னால் இருக்கும். எஞ்சின் கொள்ளளவு 1,498 சிசி, நான்கு சிலிண்டர், 110 குதிரைத்திறன். எர்ன்ஸ்ட் ஃபூர்மன் வடிவமைத்தது. வால்வுகளைத் திறந்து மூட நான்கு கேம் தண்டுகள். அவற்றைச் சுழற்றச் சங்கிலியோ பெல்ட்டோ இல்லை, சாய்பற்சக்கரம் பொருத்திய தண்டுகள்தான். சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். கைதேர்ந்த மெக்கானிக் ஒருவர் இதைக் கோத்து முடிக்கச் சுமார் 120 மணி நேரம் ஆகும் என்பார்கள். இந்தக் கணக்கு பின்னால் தேவைப்படும்.

டீன் இந்தக் காரை வாங்கியது விபத்துக்கு ஒன்பது நாள் முன்பு, செப்டம்பர் 21 அன்று. சலினாஸ் நகரில் நடக்கவிருந்த பந்தயத்துக்கு அதை டிரெய்லரில் ஏற்றிப் போவதாகத்தான் திட்டம். புது எஞ்சினில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு உரசிப் பதிய ஓட்டம் தேவை. ஓட்டுநருக்கும் கை பழக வேண்டும். அதனால் போர்ஷே மெக்கானிக் ரோல்ஃப் வூதரிஷைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சாலையிலேயே ஓட்டிப் போனார். டிரெய்லரோடு வேறு கார் பின்னால் வந்தது. பிற்பகல் மூன்றரை மணிவாக்கில் வேகத்துக்காகக் காவல்துறை அபராதச் சீட்டும் கொடுத்தது. மாலை 5:45 அளவில், நெடுஞ்சாலை 466-லிருந்து 41 பிரியும் இடத்தில், எதிரே வந்த 1950ஆம் வருட ஃபோர்டு கார் இடப்பக்கம் திரும்பியது.

திரும்பிய கல்லூரி மாணவர், ஸ்பைடரைத் தாம் பார்க்கவே இல்லை என்றார். இதை நம்பலாம் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. மணிக்கு 55 மைல் என்பது நொடிக்கு 24.6 மீட்டர். மோதுவதற்கு ஆறு நொடி முன்பு ஸ்பைடர் சுமார் 150 மீட்டர் தள்ளி இருந்திருக்கும். ஒரு மீட்டர் உயரமுள்ள பொருள் அந்தத் தொலைவில் 0.4 பாகைக்கும் சற்றுக் குறைவான கோணத்தில்தான் தெரியும். வானத்தில் முழுநிலாவின் அகலமே அரைப் பாகை. எதிர்வண்டி எவ்வளவு வேகமாக வருகிறது என்பதைக் கண் அதன் உருவம் பெருக்கும் வேகத்தை வைத்துத்தான் எடைபோடுகிறது. சிறிய உருவம் கடைசி இரண்டு மூன்று நொடி வரை பெருப்பதாகவே தோன்றாது. இன்றைக்கும் சந்திப்புகளில் திரும்பும் கார்கள் மோட்டார் சைக்கிளை இடிப்பதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். ஸ்பைடருக்கு வெள்ளி நிறம், சாலையும் சுற்றுப்புறமும் வெளிறிய நிறம், சூரியன் அடிவானத்தைத் தொடும் நேரம். நிறவேறுபாடு கிட்டத்தட்ட இல்லை.

மோதலின் கணிதம் இன்னும் கடுமையானது. இரண்டு ஆட்களும் பெட்ரோலும் சேர்ந்து ஸ்பைடர் 750 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஃபோர்டு அதைப்போல இரண்டு மடங்கு. மோதலில் இரண்டின் மேலும் விழும் விசை சமம். ஆகவே வேக மாற்றம் எடைக்குத் தலைகீழாகப் பிரியும். ஒன்றையொன்று நெருங்கும் வேகம் 120 கிமீ என்றால், ஸ்பைடரின் வேகம் 80 கிமீ மாறும். ஃபோர்டுடையது 40 கிமீ. மாணவர் சிறு காயங்களோடு தப்பியதும், டீன் பிழைக்காததும் இந்த இரண்டு எண்களுக்குள் அடங்கியிருக்கின்றன. வூதரிஷ் வெளியே தூக்கி எறியப்பட்டு, தாடையும் இடுப்பும் நொறுங்கி உயிர் பிழைத்தார். டீன் 85 மைல் வேகத்தில் பறந்தார் என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். வண்டிகள் கிடந்த நிலையை வைத்துப் பின்னாளில் செய்த மறுகணக்கு 55, 56 மைல் என்றே காட்டியது.

அடி விழுந்தது இடது முன்பக்கத்திலும் ஓட்டுநர் பக்கத்திலும். முன் சட்டமும் கூடும் சுருங்கிப்போயின. எஞ்சினும் டிரான்சாக்ஸிலும் பின்னால் இருந்ததால் தப்பின. இனி வருவதெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளைக்கிறது. காப்பீட்டு நிறுவனம் முழு நஷ்டம் என்று எழுதித் தள்ளிய வண்டியை, பர்பாங்க் நகரின் அறுவைச் சிகிச்சை மருத்துவர் வில்லியம் எஷ்ரிச் 1,092 டாலருக்கு எடுத்தார். அவரும் பந்தயக்காரர், டீனோடு ஒரே களத்தில் ஓட்டியவர். அவருக்குத் தேவை 120 மணி நேர உழைப்பு அடங்கிய அந்த எஞ்சின். P90059 என்ற எண் கொண்ட அதைக் கழற்றித் தம் லோட்டஸ் காரில் பொருத்தினார். டிரான்சாக்ஸிலையும், சக்கரங்களைத் தாங்கும் சில சஸ்பென்ஷன் துண்டுகளையும் நண்பர் ட்ராய் மெக்ஹென்றிக்குக் கொடுத்தார். அவரும் மருத்துவர், ஸ்பைடர் ஓட்டியவர்.

1956 அக்டோபர் 21 அன்று பொமோனா பந்தயத்தில் மெக்ஹென்றியின் கார் மரத்தில் மோதி அவர் இறந்தார். அதே நாள், அதே களத்தில் எஷ்ரிச்சின் லோட்டஸும் விபத்துக்குள்ளானது, அவர் தப்பினார். சாபக் கதைக்கு அடித்தளம் இந்த நாள்தான். நண்பர்கள் இருவரும் ஒரே பந்தயத்தில் ஓடியதால் 'அதே நாள்' என்பதில் புதிர் எதுவும் இல்லை. மெக்ஹென்றியின் வண்டியில் டீனின் எஞ்சினும் இல்லை. எஷ்ரிச் பின்னர் சொன்னபடி, மெக்ஹென்றி மாட்டியிருந்தது பின் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கைகளை மட்டும்தான்.

இங்கே ஒரு தொழில்நுட்ப எச்சரிக்கை நியாயமானது. மோதிய வண்டியிலிருந்து எடுத்த எஃகு உறுப்பு நேராகத் தெரிந்தாலும் உள்ளே மயிரிழை விரிசல் இருக்கலாம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு ஒருநாள் சட்டென்று முறியும். கண்டுபிடிக்கும் முறை பழையது. உறுப்பை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவி, சிவப்புச் சாய எண்ணெயைத் தெளித்துப் பத்து இருபது நிமிடம் ஊறவிட வேண்டும். மேலே நிற்பதைத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியைத் தெளித்தால், விரிசலுக்குள் போன சாயம் சிவப்புக் கோடாக வெளியே கசியும். துடைக்கும்போது கரைப்பானை நேராக உறுப்பின் மேல் ஊற்றினால் விரிசலில் இருக்கும் சாயமும் கழுவிப்போய், பழுதான உறுப்பு நல்லது போலத் தேறிவிடும். துணியை நனைத்துத்தான் துடைக்க வேண்டும். பழைய வண்டி கட்டும் பட்டறைகளில் அதிகம் நடக்கும் தவறு இது.

எஞ்சின் போய், கியர்பாக்ஸ் போய், மிஞ்சிய நசுங்கிய கூடு கார் அலங்காரக் கலைஞர் ஜார்ஜ் பாரிஸிடம் சேர்ந்தது. 1966இல் வந்த பேட்மேன் தொலைக்காட்சித் தொடருக்காக பேட்மொபைல் காரைச் செய்து புகழ்பெற்றவர் அவர்தான். சாலைப் பாதுகாப்பு அமைப்புகள் கூட்டை ஊர் ஊராகக் கண்காட்சி வைத்தன. ஆனால் மக்கள் பார்த்தது முழுக்க விபத்தின் சேதம் அல்ல. போர்ஷே வரலாற்றாளர் லீ ராஸ்கின் எழுதியிருப்பதன்படி, பழுதுபார்க்க முடியாத கூட்டின் மேல் பாரிஸ் அலுமினியத் தகடுகளைப் பற்றவைத்து, மரக்கட்டையால் அடித்து நசுக்கி விபத்துத் தோற்றம் கொடுத்தார். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. மோதலில் தகடு ஒரே திசையில் மடிப்பு மடிப்பாகச் சுருளும், மடிப்பின் முகட்டில் பெயின்ட் செதில் செதிலாக உதிரும், அடியிலுள்ள சட்டமும் அதே பக்கம் வளைந்திருக்கும். கட்டையால் அடித்த தகட்டில் ஆழமில்லாத பள்ளங்கள் திசைக்கொன்றாக இருக்கும். அடியிலுள்ள குழாய் வளைந்திருக்காது.

சாபக் கதைகளில் பெரும்பகுதி இந்தக் கண்காட்சிக் காலத்தைப் பற்றியது; பெரும்பாலும் பாரிஸே சொன்னவை. கூடு டிரெய்லரிலிருந்து சரிந்து ஒருவரின் காலை முறித்தது என்கிறார்கள். சக்கரம் உருளாத, சட்டம் வளைந்த ஒரு கூட்டைக் கட்டிப் பயணம் செய்வது உண்மையிலேயே ஆபத்து. சங்கிலியைக் கெட்டியான எஃகில் மாட்ட வேண்டும். நசுங்கிய அலுமினியத்தைச் சுற்றி இறுக்கினால், போகும் வழியில் தகடு மேலும் அமுங்கி, கட்டு தளர்ந்துவிடும். அதன்பின் ஒரு பிரேக் போதும். 1959 மார்ச்சில் ஃப்ரெஸ்னோ நகரில் ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. இரண்டு டயர் உருகி, பெயின்ட் கொஞ்சம் கருகியது. மற்றபடி கூடு தப்பியது. அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகும். மெல்லிய தகடு நின்றுவிட்டது என்றாலே, அது கூட்டை முழுதாகச் சூழாத சிறு தீ என்று தெரிந்துகொள்ளலாம்.

1960-ல் மயாமியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு முத்திரையிட்ட பெட்டியில் அனுப்பியபோது கூடு காணாமல் போனது என்றார் பாரிஸ். சரக்கு ரயில் என்றும் லாரி என்றும் கதை இரண்டு விதமாகச் சுற்றுகிறது. முத்திரை என்பது எண் பொறித்த உலோகப் பட்டை. அறுத்தால்தான் கதவு திறக்கும். ஏற்றும் இடத்தில் அந்த எண்ணைச் சரக்குச் சீட்டில் எழுதுவார்கள், இறக்கும் இடத்தில் ஒப்பிடுவார்கள். முத்திரை அறுபடாமல் உள்ளே காலி என்றால் அறிவுக்குப் பொருத்தமான விளக்கம் ஒன்றுதான்: பூட்டும்போதே உள்ளே கூடு இல்லை. 2005இல், விபத்தின் ஐம்பதாம் ஆண்டையொட்டி, இல்லினாய்ஸ் மாநிலத்தின் வோலோ அருங்காட்சியகம் கூட்டுக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக அறிவித்தது. கூடு இன்றுவரை வெளியே வரவில்லை.

யாராவது கொண்டுவந்தால் எப்படிச் சோதிப்பது? பெயின்ட், வளைவு, பழைய ஃபோட்டோ எல்லாம் அடுத்த கட்டம்தான். ஃபோட்டோவைப் பார்த்துத் தேர்ந்த கொல்லர் எதையும் அதேபோல் நசுக்கிக் கொடுப்பார். முதலில் எண். போர்ஷேயின் பதிவு அட்டையில் சேஸிஸ், எஞ்சின், டிரான்சாக்ஸில் எண்கள் மூன்றும் ஒன்றாக இருக்கும். எண்ணை அரத்தால் தேய்த்து அழித்திருந்தாலும் எஃகுச் சட்டம் அதை முழுதாக மறப்பதில்லை. அச்சு குத்தியபோது எழுத்துக்குக் கீழேயுள்ள உலோகத்தின் நுண்ணிய படிகமணிகளும் நசுங்கியிருக்கும். அந்தப் பகுதி அமிலத்தில் மற்ற இடத்தைவிட வேகமாக அரிக்கும். இதற்கான ஃப்ரை கரைசலின் அளவு: 90 கிராம் குப்ரிக் குளோரைடு, 120 மில்லி ஹைட்ரோகுளோரிக் அமிலம், 100 மில்லி தண்ணீர். மேற்பரப்பைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, பஞ்சால் தொட்டுத் தொட்டுத் தேய்த்தால் எழுத்து மங்கலாக எழும்பும். எழும்பிய உடனே படமெடுக்க வேண்டும். இன்னும் அரிக்கவிட்டால் மறைந்துவிடும், திரும்ப வராது. எண்ணின் மேல் பற்றவைத்திருந்தால் இந்த முறை பயன்படாது. வெல்டிங் சூட்டில் படிகமணிகள் புதிதாக உருவாகிவிடுகின்றன.

எண் 0055 என்று வந்தாலும் ஒரு கேள்வி மிஞ்சும். பழைய ஸ்பைடர்கள் பல லட்சம் டாலர் போகும் காலம் இது; எண் குத்திய ஒரு துண்டுக் குழாயைச் சுற்றிப் புதுக் கூடு கட்டுவது பட்டறைக்காரர்களுக்குப் பெரிய வேலை அல்ல. ஆகவே எண்ணுக்கு அருகிலுள்ள குழாய் இடது முன்பக்க அடியின் திசையில் வளைந்திருக்கிறதா, அந்த வளைவு மேலே உள்ள தகட்டின் மடிப்போடு ஒத்துப்போகிறதா, பாரிஸ் பற்றவைத்த தகடுகளின் வெல்டிங் கோடு அதன் மேல் ஓடுகிறதா என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பின்பக்கத்தில் டிரான்சாக்ஸிலைத் தாங்கிய பிடிமானங்களையும் அளக்கலாம். ஏலத்தில் போன 10046-ஐ அருகே வைத்துப் போல்ட் துளைகள் பொருந்துகின்றனவா, 1956-ல் கழற்றிய தேய்மானத் தடம் இரண்டிலும் ஒன்றா என்று பார்க்க இப்போது வழி இருக்கிறது. அந்த டிரான்சாக்ஸில் லாஸ் வேகஸ் நகரில், அதை ஏலத்தில் எடுத்த ஜாக் பேகன்ஸிடம் இருக்கிறது.