மச்சான் இருக்கிற ஊர் என்பதற்காகக் குடும்பத்தைக் கொண்டுபோகாதீர்கள்

மார்த்தாண்டத்தில் செவிலியர்களுக்கு ஓஇடி, ஐஇஎல்டிஎஸ் ஆகிய ஆங்கிலத் தேர்வுகளுக்குப் பயிற்சி அளிப்பதும், வெளிநாட்டு வேலைக்கான அவர்களது ஆவணங்களைச் சரிபார்த்துக் கொடுப்பதும் என் தொழில். விசா கிடைத்துத் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறியதோடு என் வேலை முடிந்துவிட வேண்டும், ஆனால் முடிவதில்லை. குடும்பத்தோடு போனவர்கள் சில மாதங்களிலேயே வாட்ஸ்அப்பில் அழைத்து, "சார், வேற ஊருக்கு மாற வழி உண்டா?" என்று கேட்கிறார்கள். அண்மையில் அழைத்தவர் கருங்கல் பக்கத்தைச் சேர்ந்த ஒரு செவிலியரின் கணவர். அவருடைய மனைவிக்கு இங்கிலாந்தில் இரண்டு மருத்துவமனைகளிலிருந்து வேலை வந்திருந்தது. ஒன்று லண்டனில், மற்றொன்று நாட்டின் வடகிழக்கில். அத்தை மகன் லண்டனின் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக லண்டனைத் தேர்ந்தெடுத்தார்கள். இப்போது அந்த அத்தை மகனின் வீட்டில் ஓர் அறையில் நால்வர் படுத்து எழுகிறார்கள். மூத்த பையனுக்குக் கிடைத்த பள்ளி இரண்டு பேருந்து மாறிப் போகும் தூரத்தில் இருக்கிறது. சிவில் இன்ஜினியரான தகப்பனார் மூன்று வயதுப் பெண்ணைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார். இதே கதையைப் பெயரும் ஊரும் மாற்றிப் பலமுறை கேட்டுச் சலித்துப்போனதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எந்த நாடு என்று தீர்மானிக்க நம்மவர்கள் இரண்டாண்டுகள் யோசிக்கிறார்கள். அந்த நாட்டில் எந்த ஊர் என்பதை ஒரே தொலைபேசி அழைப்பில் முடித்துவிடுகிறார்கள். "அங்க நம்ம மச்சான் உண்டு சார், ஒண்ணும் பயப்படாண்டாம்" என்று என்னிடமே ஆறுதல் சொல்கிறார்கள். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. குளச்சலிலிருந்தும் தக்கலையிலிருந்தும் ஆண்கள் தனியாக வளைகுடாவுக்குப் போன காலத்தில், முதலில் போனவர் அடுத்தவருக்கு விசா எடுத்துக் கொடுத்தார், தம் அறையில் ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தார், முதல் மாதச் சாப்பாட்டையும் பார்த்துக்கொண்டார். தனி ஆளுக்கு அவ்வளவு போதும். அந்தக் காலத்தில் சொந்தக்காரர் இருக்கும் ஊருக்குப் போனது சரியான முடிவு என்பதில் எனக்கும் ஐயமில்லை.

குடும்பத்துக்கு அது போதாது. குடும்பத்துக்குத் தன் பெயரில் எழுதப்பட்ட வாடகை ஒப்பந்தம் வேண்டும், நடந்துபோகும் தூரத்தில் பள்ளி வேண்டும், தாயின் பணிநேரத்துக்கு ஒத்துவரும் குழந்தைகள் காப்பகம் வேண்டும், கணவருக்கும் வேலை கிடைக்கும் ஊராக இருக்கவேண்டும். இவற்றில் ஒன்றைக்கூட மச்சானால் தர முடியாது. தர மனமில்லாமல் அல்ல. அவர் கையில் இல்லை. அவர் போன காலத்தின் வாடகை வேறு, அவர் வீடு வாங்கிய காலத்தின் விலை வேறு. அவருடைய பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் பள்ளி இடம் தேடி அலைந்தது அவருக்கு மறந்தே போயிருக்கும். நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவருக்குக் கிடைக்கும் சலுகைகள் புதிதாக வருபவருக்குக் கிடைக்காது என்பதும் பல நேரம் அவருக்குத் தெரியாது. அவர் சொல்லும் தகவல்கள் அனைத்தும் உண்மையானவை, ஆனால் பழையவை. பாசத்தோடு "வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். அவரும் அவருடைய மனைவியும் மாறி மாறி ஷிஃப்டில் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமை கூடப் பார்த்துக்கொள்ள முடிவதில்லை. ஒரே சமையலறையில் இரண்டு குடும்பங்கள் மூன்று மாதம் புழங்கியபின் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அங்கே தொடங்கிய மனத்தாங்கல் இங்கே கல்யாண வீட்டுப் பந்தி வரை வந்ததை நானே கண்டிருக்கிறேன்.

இனி கணக்குக்கு வருவோம். பவுண்டை ரூபாயாகப் பெருக்கி வைக்கும் கணக்கை முதலில் கிழித்துப் போடுங்கள். சம்பளம் பவுண்டில் வந்தால் வாடகையும் பவுண்டில்தான் போகும். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் செவிலியர் ஊதியம் நாடு முழுவதும் ஒரே அட்டவணைப்படி தரப்படுகிறது. செவிலியருக்கான தொடக்க ஊதிய நிலையான பேண்டு 5-இல் சேருபவருக்கு 2025 ஏப்ரல் நிலவரப்படி ஆண்டுக்கு 31,049 பவுண்டு. உள் லண்டனில் அதன்மேல் 20 விழுக்காடும், வெளி லண்டனில் 15 விழுக்காடும் கூடுதல் படி உண்டு. உள் லண்டனிலேயே வேலை என்று வைத்துக்கொண்டாலும் அந்தப் படி மாதத்துக்கு ஏறத்தாழ 500 பவுண்டுதான், அதிலும் வரி போகும். 2025-இல் லண்டனின் சராசரி மாத வாடகை 2,000 பவுண்டைத் தாண்டியிருந்தது. வடகிழக்கு இங்கிலாந்தில் 700-க்குச் சற்று மேல். 500 பவுண்டு கூடுதலாக வாங்குவதற்காக 1,300 பவுண்டு கூடுதலாகச் செலவழிக்கும் ஊருக்குப் போகிறோம் என்பதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தாலே தெரிந்துவிடும். யாரும் எழுதிப் பார்ப்பதில்லை.

பள்ளி விஷயத்தில் நம்மவர்களின் அலட்சியம் எனக்குப் புரிவதே இல்லை. நாகர்கோவிலில் எல்கேஜி இடத்துக்கு ஓராண்டுக்கு முன்பே சிபாரிசு தேடுகிறவர்கள், அங்கே மட்டும் "கவர்ன்மெண்ட் ஸ்கூல்தானே, கிடைக்கும்" என்று இருந்துவிடுகிறார்கள். பள்ளிப் படிப்பு இலவசம் என்பது உண்மை. நீங்கள் விரும்பும் பள்ளியில் இடம் உண்டு என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலான தூரம் பெரும்பாலான இடங்களில் முக்கியமான அளவுகோல். கல்வியாண்டின் நடுவில் போய்ச் சேரும் குழந்தைக்கு எங்கே காலியிடம் இருக்கிறதோ அங்கேதான் கிடைக்கும். முகவரிச் சான்றாக வாடகை ஒப்பந்தத்தையோ உள்ளாட்சி வரி ரசீதையோ கேட்பது வழக்கம். மச்சான் வீட்டு அறையில் இருப்பவரிடம் இரண்டும் இருக்காது. இங்கிலாந்தில் உயர்நிலைப் பள்ளி விண்ணப்பத்துக்கு அக்டோபர் 31-ஆம் தேதியும், தொடக்கப் பள்ளிக்கு ஜனவரி 15-ஆம் தேதியும் கடைசி நாள். பத்து வயதுப் பிள்ளையோடு போகிறவர்கள் அக்டோபருக்குள் நிலையான முகவரி ஒன்றில் குடியேறியிருக்கவேண்டும்.

சிறு குழந்தை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். இங்கிலாந்தில் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் எல்லோருக்கும் பள்ளி நடக்கும் வாரங்களில் வாரத்துக்கு 15 மணி நேரம் இலவசக் காப்பகம் கிடைக்கிறது. வேலைக்குப் போகும் பெற்றோருக்கான 30 மணி நேரச் சலுகை, அரசு உதவிகளைப் பெற அனுமதியில்லாத விசாவில் இருக்கும் நம்மவர்களுக்குக் கிடைக்காது. அதே விசாவில் ஸ்காட்லாந்துக்குப் போனால் மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு ஆண்டுக்கு 1,140 மணி நேரம் உண்டு. அங்கே செவிலியர் ஊதியமும் இங்கிலாந்தைவிடச் சற்று அதிகம். விசா ஒன்று, எல்லை தாண்டினால் கணவர் வேலைக்குப் போகலாமா வேண்டாமா என்பதே மாறிவிடுகிறது. இதை எந்த மச்சானும் சொல்லி நான் கேட்டதில்லை. இன்னொன்று, வார்டில் பகல் ஷிஃப்ட் காலை ஏழு அல்லது ஏழரைக்கே தொடங்கிவிடும். காப்பகங்கள் பலவும் எட்டு மணிக்குத்தான் திறக்கும். இடைப்பட்ட நேரத்துக்குக் குழந்தை யாரிடம் இருக்கும்? "அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவோம்" என்ற பதில் உடனே வருகிறது. வருகையாளர் விசாவில் ஒரு தடவைக்கு ஆறு மாதம்தான் தங்கலாம். போவதும் வருவதுமாக அங்கேயே குடியிருக்க அதைப் பயன்படுத்த முடியாது. அந்த அம்மாவிடம் ஊரைவிட்டு வருகிறீர்களா என்று யாராவது கேட்டார்களா என்பது தனிக் கேள்வி.

அயர்லாந்திலும் இதே கதைதான். அரசு மருத்துவமனைச் சம்பள அட்டவணை தலைநகர் டப்ளினுக்கும் சிறு நகரமான ஸ்லைகோவுக்கும் ஒன்றே. வாடகை ஒன்றல்ல, டப்ளினில் வீடு கிடைப்பதே பெரும்பாடு. செவிலியர்களுக்கான முதன்மைத் திறன் வேலை அனுமதியில் (கிரிட்டிகல் ஸ்கில்ஸ் பெர்மிட்) குடும்பம் உடனே விண்ணப்பிக்கலாம்; பொது வேலை அனுமதியில் போகும் பராமரிப்பு உதவியாளர் ஓராண்டு காத்திருக்கவேண்டும், வருமான வரம்பும் உண்டு. ஜெர்மனிக்குப் போகிறவர்கள் பிள்ளையின் வயதைப் பார்த்து மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டும்: பவேரியா போன்ற பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்துவிடுகிறார்கள், பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் ஆறாம் வகுப்பு வரை பொறுக்கிறார்கள். ஜெர்மன் தெரியாத ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த இரண்டாண்டுகள் பெரிய வித்தியாசம். ஆஸ்திரேலியாவில் தற்காலிக வேலை விசாவில் போகிறவரின் பிள்ளைக்கு அரசுப் பள்ளியிலும் நியூ சவுத் வேல்ஸ், மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய மாநிலங்களில் கட்டணம் வாங்குகிறார்கள்.

வளைகுடாவுக்குக் குடும்பத்தைக் கொண்டுபோகிறவர்கள் ஊரைவிட விதிகளை முதலில் பார்க்கட்டும். சவூதியில் 2020 ஜூலை முதல் உடன் வரும் ஒவ்வொருவருக்கும் மாதம் 400 ரியால் கட்டவேண்டும். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் ஆண்டுக்கு 14,400 ரியால். ஐக்கிய அரபு அமீரகத்தில் 4,000 திர்ஹாம் சம்பளமோ, 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் என்ற நிலையோ இருந்தால் குடும்ப விசா கிடைக்கும். விசா கிடைக்கும் என்பதற்கும் அந்தச் சம்பளத்தில் வாடகையும் தனியார் பள்ளிக் கட்டணமும் கட்டி வாழ முடியும் என்பதற்கும் தொடர்பே இல்லை. வாடகை குறைவு என்று ஷார்ஜாவில் குடியிருந்து துபாயில் வேலை பார்ப்பவரின் மாலை நேரம் முழுவதும் சாலையில் போகிறது. பிள்ளைகளின் தூங்கும் முகத்தைத்தான் தகப்பன் பார்க்கிறார்.

இதையெல்லாம் சொல்லும்போது ஒரு நியாயமான மறுப்பு வரும்: நம்மவர் யாரும் இல்லாத ஊரில் மனைவி மக்கள் தனிமையில் வாடமாட்டார்களா? வாடுவார்கள், முதல் குளிர்காலத்தில் கட்டாயம் வாடுவார்கள். ஆனால் அயர்லாந்திலோ பிரிட்டனிலோ ஓரளவு பெரிய மருத்துவமனை எதிலும் மலையாளச் செவிலியர்கள் இருக்கிறார்கள். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இப்புறம் பிறந்த நமக்கு மலையாளம் புரியாத மொழியல்ல. சிறிய ஊரில் மூன்று மலையாளக் குடும்பங்களோடு பழகி, சொந்தமாக வீடெடுத்து இருப்பவர்கள் என்னிடம் ஊர் மாற வழி கேட்டு அழைப்பதில்லை. மச்சானைப் பார்க்க விடுமுறைக்கு ரயிலில் போய்வருகிறார்கள், உறவும் கெடவில்லை.

முகவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பிரிட்டனில் பராமரிப்புப் பணியாளர் விசாவில் போகிறவர் குடும்பத்தைக் கொண்டுவரும் உரிமை 2024 மார்ச் 11-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டது. 2025 ஜூலை 22 முதல் அந்தப் பணிக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதும் நின்றுவிட்டது. இதற்குப் பிறகும் "ஃபேமிலியோட போகலாம்" என்று சொல்லி முன்பணம் வாங்குகிறார்கள், நகையை அடகு வைத்து நம்மவர்களும் கொடுக்கிறார்கள். இந்தியச் சட்டப்படி பதிவு பெற்ற ஆட்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய உச்சத் தொகை 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். பதிவு உண்டா என்று இந்திய அரசின் ஈமைக்ரேட் இணையதளத்தில் பார்க்க ஐந்து நிமிடம் போதும். படித்தவர்கள்கூட அந்த ஐந்து நிமிடத்தை ஒதுக்குவதில்லை.

தயவுசெய்து இவற்றையாவது செய்யுங்கள். வேலை உத்தரவை ஏற்பதற்கு முன் மருத்துவமனையின் அஞ்சல் குறியீட்டை வைத்து, அதைச் சுற்றிப் பேருந்தில் அரை மணி நேரத் தொலைவுக்குள் இரண்டு படுக்கையறை வீட்டின் வாடகை என்ன என்று நீங்களே இணையத்தில் பாருங்கள். காலை ஆறரைக்குப் பேருந்து உண்டா என்றும் பாருங்கள், ஏனென்றால் இந்திய ஓட்டுநர் உரிமத்தில் பிரிட்டனில் 12 மாதம்தான் ஓட்ட முடியும். இங்கிலாந்தில் சாதாரண வாடகை வீட்டுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் வைப்புத்தொகை கேட்பது சட்டவிரோதம், கேட்டால் விலகிவிடுங்கள். அந்த ஊர் உள்ளாட்சிக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பிள்ளையின் வகுப்பில் எங்கே இடமிருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வரும். கணவரின் தொழிலுக்கு அந்த வட்டாரத்தில் வேலை இருக்கிறதா என்று அவரே தேடிப் பார்க்கட்டும். அதை மனைவியின் தலையில் கட்டவேண்டாம். முடிந்தால் செவிலியர் முதலில் போகட்டும். குடும்பத்தினரின் விசாவுக்கு அவர் போன பிறகும் விண்ணப்பிக்கலாம். மூன்று மாதத்தில் அவர் கண்ணால் கண்டு எடுக்கும் வீடு, இங்கிருந்து ஏற்பாடு செய்யும் எந்த வீட்டையும்விட நல்லது.

ஒப்பந்தத்தையும் படியுங்கள். பிரிட்டனில் மருத்துவமனை மாறவேண்டுமென்றால் புதிய நிறுவனத்தின் ஆதரவுச் சான்றிதழும் (ஸ்பான்சர்ஷிப்) புதிய விசா விண்ணப்பமும் வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் விமானச் சீட்டு, தேர்வுக் கட்டணம் முதலிய செலவுகளில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டவேண்டும் என்ற நிபந்தனையும் பல ஒப்பந்தங்களில் உண்டு. ஆகவே என்னிடம் வருவதானால் கையெழுத்துப் போடுவதற்கு முன் வாருங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து வாருங்கள். வேலை உத்தரவோடு, பிள்ளைகளின் பிறந்த தேதியையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.